ஃபேர்ஃபாக்ஸ் பள்ளிகளில் எதற்கு யாரைப் பார்ப்பது?

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், தலைநகர் வாஷிங்டனை ஒட்டி இருக்கிறது ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டி (நம் மாவட்டம் போன்ற உள்ளாட்சிப் பகுதி). கணினி வேலைக்குப் போய்க் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் அந்தப் பக்கம் நிறைய. வேலை மாற்றலாகி நீங்களும் அங்கே போகிறீர்கள், வீட்டில் பள்ளி வயதில் பிள்ளை இருக்கிறது என்றால் இது உங்களுக்குத்தான். புதிதாகப் போகிற பெற்றோர் பாடத்தை நினைத்துக் கவலைப்படுவார்கள். போனபின் தடுமாறுவது என்னவோ எதற்கு யாரைப் பார்ப்பது என்பதில்.

பள்ளி பள்ளியாக ஏறி இறங்க வேண்டுமா? நன்கொடை கேட்பார்களா? இரண்டும் இல்லை. அங்குள்ள அரசுப் பள்ளிகளை ‘ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டி பப்ளிக் ஸ்கூல்ஸ்’ என்ற ஒரே அமைப்பு நடத்துகிறது. படிப்புக்குக் கட்டணம் கிடையாது. ஏறத்தாழ 1,80,000 மாணவர்கள், 200ஐ ஒட்டிய பள்ளிகள், முழுநேரப் பணியிடங்கள் மட்டும் சுமார் 25,000. வர்ஜீனியாவில் இதைவிடப் பெரிய பள்ளி அமைப்பு இல்லை.

இவ்வளவு பேரும் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள்? பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பள்ளிகளிலேயே வேலை செய்கிறார்கள். மீதிப் பேர் தலைமை அலுவலகத்திலும் மண்டல அலுவலகங்களிலும். தலைமை அலுவலகம் இருப்பது கேட்ஹவுஸ் சாலையில். அதனால் ஆசிரியர்கள் பேச்சில் ‘கேட்ஹவுஸ் சொல்லிவிட்டது’ என்று வந்தால் மேலிடத்து உத்தரவு என்று புரிந்துகொள்ளுங்கள். உங்கள் வேலைகளில் பெரும்பாலானவற்றுக்கு அந்தப் பக்கமே போக வேண்டியிருக்காது.

தமிழ்நாட்டில் போலக் கல்வித் துறை மேலிருந்து நடத்துகிறதா? இல்லை. அங்கே பள்ளியை நடத்துவது அந்த ஊர்க்காரர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த கல்வி வாரியம். 12 உறுப்பினர்கள்: 9 பேர் தொகுதிவாரியாக, 3 பேர் கவுண்டி முழுவதற்கும். பதவிக்காலம் 4 ஆண்டு. கடைசித் தேர்தல் 2023 நவம்பரில் நடந்தது. ஒரு மாணவப் பிரதிநிதியும் ஓராண்டுக்கு அவர்களோடு உட்கார்வார். பேசலாம், ஓட்டுரிமை இல்லை. வாரியம் நியமிக்கும் சூப்பரின்டெண்டண்டின் (பள்ளிகளின் தலைமை நிர்வாகி) கீழேதான் மற்ற எல்லாரும். 2022 முதல் அந்தப் பொறுப்பில் இருப்பவர் மிஷெல் ரீட்.

பணம் எங்கிருந்து வருகிறது? இதில் ஒரு விசித்திரம் உண்டு. கல்வி வாரியத்துக்கு வரி போடும் அதிகாரம் கிடையாது. வரி போடுவது மேற்பார்வையாளர் குழு என்ற வேறொரு தேர்ந்தெடுக்கப்பட்ட அமைப்பு. வாரியம் கணக்குப் போட்டுக் கேட்கும். குழு தன்னால் முடிந்ததைக் கொடுக்கும். கவுண்டியின் பொது நிதியில் பாதிக்கு மேல் பள்ளிக்கே போகிறது. பள்ளிச் செலவில் பெரும்பங்கு இப்படி உள்ளூர்ப் பணம். மாநிலத்திலிருந்து கொஞ்சம் வரும். ஒன்றிய அரசின் பங்கு மிகச் சிறியது. வந்த பணத்தில் பத்தில் எட்டுக்கு மேல் சம்பளத்துக்கும் பணியாளர் சலுகைகளுக்கும் போய்விடும்.

‘நான் வாடகை வீட்டில்தானே இருக்கிறேன், நான் என்ன வரி கட்டுகிறேன்?’ என்று தயங்காதீர்கள். வீட்டு உரிமையாளர் கட்டும் சொத்துவரி உங்கள் வாடகைக்குள் இருக்கிறது. பிள்ளையின் படிப்புக்கு நீங்களும் பங்கு கட்டுகிறீர்கள், அதைக் கேட்டு வாங்கும் உரிமையும் உங்களுக்கு உண்டு.

சரி, எந்தப் பள்ளி கிடைக்கும்? வீட்டு முகவரி எதுவோ அதுவே பள்ளியை முடிவு செய்கிறது. ஒவ்வொரு உயர்நிலைப் பள்ளிக்கும் கீழே அதற்குப் பிள்ளைகளை அனுப்பும் நடுநிலை, தொடக்கப் பள்ளிகள் இருக்கும். இந்தத் தொகுப்பைப் ‘பிரமிட்’ என்பார்கள். பெரும்பாலான இடங்களில் 6ஆம் வகுப்பு வரை தொடக்கப் பள்ளி, 7, 8 நடுநிலை, 9 முதல் 12 வரை உயர்நிலை.

வீடு பார்க்கும்போது இங்கே கொஞ்சம் நின்று கவனியுங்கள். அஞ்சல் முகவரியை நம்பாதீர்கள். சவுத் ரைடிங் குடியிருப்பின் அஞ்சல் முகவரி சான்டிலி என்றே வரும். ஆனால் அது பக்கத்து லவுடன் கவுண்டியில் இருக்கிறது. பள்ளிகள் வேறு, விதிகள் வேறு, பேருந்து வேறு. ஃபால்ஸ் சர்ச் என்று முகவரி எழுதும் வீடுகளில் பெரும்பாலானவை ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டிக்குள் வரும். ஃபால்ஸ் சர்ச் நகரத்துக்கோ தனிப் பள்ளி அமைப்பு இருக்கிறது. ஃபேர்ஃபாக்ஸ் நகரம் தனி நகராட்சி, ஆனால் ஒப்பந்தப்படி அதன் பள்ளிகளைக் கவுண்டியே நடத்துகிறது. குழப்பமாக இருக்கிறதா? பள்ளி அமைப்பின் இணையதளத்தில் தெருவையும் கதவு எண்ணையும் போட்டால் எந்தப் பள்ளி என்று காட்டும். குத்தகைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் அதைப் பார்த்துவிடுங்கள். தரகர் வாய்மொழியாகச் சொல்வது போதாது.

இன்று காட்டும் பள்ளி நாளையும் இருக்குமா? உறுதி கிடையாது. எல்லைகளை 5 ஆண்டுக்கு ஒருமுறை மறுபார்வை பார்க்க வேண்டும் என்று 2024இல் கொள்கையை மாற்றியிருக்கிறார்கள். கோடு மாறும் என்றாலே ஊர் கொதிக்கும். வீட்டு விலையும் அதோடு சேர்ந்து ஆடும். கோடு யாரை எங்கே நிறுத்துகிறது என்பதற்கு அங்கே கசப்பான வரலாறும் உண்டு. நிறப்பாகுபாட்டுக் காலத்தில் கருப்பின மாணவர்களுக்கென்று அந்தக் கவுண்டியில் ஓர் உயர்நிலைப் பள்ளிகூட 1954 வரை இல்லை. படிக்க வேண்டுமென்றால் கவுண்டியைத் தாண்டிப் போக வேண்டும். அந்த ஆண்டில்தான் லூதர் ஜாக்சன் உயர்நிலைப் பள்ளி திறந்தது.

தமிழ் வீடுகளில் தவறாமல் கேட்கும் பெயர் ‘டிஜே’. தாமஸ் ஜெஃபர்சன் அறிவியல் தொழில்நுட்ப உயர்நிலைப் பள்ளி. இதற்கு மட்டும் முகவரி போதாது, 8ஆம் வகுப்பில் விண்ணப்பிக்க வேண்டும். நுழைவுத் தேர்வை 2020இல் எடுத்துவிட்டார்கள். ஒவ்வொரு நடுநிலைப் பள்ளிக்கும் குறிப்பிட்ட இடங்கள் ஒதுக்கும் முறை வந்தது. அதை எதிர்த்த வழக்கை உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரியில் விசாரணைக்கு எடுக்க மறுத்துவிட்டது. ஆகவே இன்னின்ன நடுநிலைப் பள்ளிக்குப் போனால்தான் டிஜே கிடைக்கும் என்று யாராவது சொல்லி வீடு மாற்றச் சொன்னால், முறை மாறியதை அவர் கவனிக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

சேர்க்கைக்கு என்னென்ன காகிதம் வேண்டும்? பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், அந்த முகவரியில் குடியிருக்கிறீர்கள் என்பதற்கு வாடகை ஒப்பந்தம், உங்கள் அடையாள அட்டை, பழைய பள்ளியின் மதிப்பெண் பட்டியல், தடுப்பூசிப் பதிவு, காசநோய் சோதனைச் சான்று. தொடக்கப் பள்ளி என்றால் கடந்த 12 மாதத்துக்குள் செய்த மருத்துவப் பரிசோதனையும் வேண்டும். நண்பர் வீட்டில் தற்காலிகமாகத் தங்கியிருந்தால் அதற்கும் தனிப் படிவம் இருக்கிறது.

தடுப்பூசியில் பல குடும்பங்கள் மாட்டிக்கொள்கின்றன. நம் அரசுத் தடுப்பூசிப் பட்டியலில் சின்னம்மைக்கு ஊசி இல்லை. வர்ஜீனியாவில் அது கட்டாயம். இங்கே தனியாரிடம் போட்டிருந்தால் தேதியோடு எழுதி வாங்கிக்கொண்டு போங்கள். இன்னொன்று, பிறந்ததும் நம் பிள்ளைகளுக்குத் தோளில் போடும் பிசிஜி ஊசி. அது போட்டவர்களுக்குக் காசநோய்த் தோல் சோதனை சில சமயம் நோய் இருப்பதுபோலக் காட்டும், உடனே மார்பு எக்ஸ்ரே என்று இழுக்கும். இரத்தச் சோதனைக்கு இந்தச் சிக்கல் கிடையாது. ஊசி போட்டதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லி இரத்தச் சோதனையைக் கேளுங்கள்.

விசா கேட்பார்களா? சேர்க்கைக்கு அது நிபந்தனை இல்லை. குடியேற்ற நிலையைக் காரணம் காட்டி எந்தப் பிள்ளைக்கும் பொதுக்கல்வியை மறுக்கக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1982லேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது.

பெயர் விஷயம் சின்னதாகத் தெரியும், பின்னால் படுத்தும். பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் இடம் காலியாக இருந்தால் அமெரிக்க விசாவில் பிள்ளையின் பெயரே குடும்பப்பெயராகி, முதற்பெயர் இடத்தில் ‘எஃப்என்யு’ (முதற்பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம்) என்று வந்துவிடும். பள்ளிப் பதிவேட்டிலும் அப்படியே ஏறினால், வருகை எடுக்கும் ஆசிரியர் குழந்தையை ‘எஃப்னு’ என்று கூப்பிடுவார். சேர்க்கும் அன்றைக்கே ரெஜிஸ்ட்ராரிடம் (சேர்க்கைப் பதிவைப் பார்ப்பவர்) கூப்பிடும் பெயர் இன்னது என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

எந்த வகுப்பில் போடுவார்கள்? சின்ன வகுப்புகளில் வயதே கணக்கு. செப்டம்பர் 30க்குள் 5 வயது முடிந்தால் கிண்டர்கார்ட்டன். ‘இங்கே மூன்றாவது முடித்துவிட்டான், நான்காவதில் போடுங்கள்’ என்ற வாதம் வயது பொருந்தாவிட்டால் எடுபடாது. 9ஆம் வகுப்பிலிருந்து கதை வேறு. அங்கே தேர்ச்சி என்பது கிரெடிட் (ஒரு பாடத்தை முடித்ததற்கான அலகு) சேர்ப்பது. சாதாரண டிப்ளமாவுக்கு (பள்ளிப் படிப்பை முடித்ததற்கான சான்று) 22, உயர்தர டிப்ளமாவுக்கு 26. பிள்ளையைப் பிளஸ் ஒன் நடுவில் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் 9, 10ஆம் வகுப்பு மதிப்பெண் பட்டியல்களைப் பள்ளி முத்திரையோடு கையில் வைத்திருங்கள். எதற்கு எத்தனை கிரெடிட் தருவது என்பதை அதை வைத்துத்தான் பார்ப்பார்கள்.

சேர்க்கைப் படிவத்தில் வீட்டில் பேசும் மொழி என்ன என்று ஒரு கேள்வி வரும். நம்மவர்கள் சிலர் உஷாராக ‘ஆங்கிலம்’ என்று மட்டும் எழுதிவிடுகிறார்கள். தமிழ் என்று எழுதினால் பிள்ளையை மட்டமான வகுப்பில் தள்ளிவிடுவார்கள் என்ற பயம். அப்படி நடக்காது. தமிழ் என்று எழுதினால் ஆங்கிலத் திறனைச் சோதிப்பார்கள். நன்றாகத் தேறினால் அதோடு முடிந்தது. தேறாவிட்டால் ஈசோல் ஆசிரியர் (ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்களுக்குக் கற்றுத்தருபவர்) வந்து உதவுவார். பிள்ளை வழக்கமான வகுப்பிலேதான் இருக்கும். 200க்கு மேற்பட்ட மொழிகள் பேசும் வீடுகளிலிருந்து மாணவர்கள் வரும் ஊர் அது. ஈசோல் என்றால் அவமானம் என்று அங்கே யாரும் நினைப்பதில்லை, உதவியை விட்டால் நஷ்டம் நமக்கே.

இனி பள்ளிக்குள் போவோம். வாசல் பூட்டியிருக்கும். மணியை அழுத்தினால் மேலே இருக்கும் கேமரா வழியாக யார், எதற்கு என்று கேட்பார்கள். உள்ளே போனதும் அடையாள அட்டையைக் காட்டி, சட்டையில் ஒட்டிக்கொள்ள ஒரு சீட்டு வாங்க வேண்டும். சாப்பாட்டுப் பையை மறந்து வைத்துவிட்டுப் போன மகனின் வகுப்புக்கு நேரே நடந்துபோகலாம் என்று நினைக்காதீர்கள். முன் அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வர வேண்டியதுதான்.

அந்த முன் அலுவலகத்தில் இருப்பவர்களைக் குமாஸ்தா என்று சாதாரணமாக எண்ண வேண்டாம். எந்தப் படிவம், எந்த நாள், யார் இன்று விடுப்பு, யார் பேசினால் வேலை நடக்கும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். வந்த முதல் வாரத்தில் உங்களுக்கு அதிகம் உதவப்போவது அவர்கள். பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

படிப்பு, நடத்தை, வீட்டுப்பாடம் எல்லாவற்றுக்கும் முதலில் வகுப்பாசிரியர். மின்னஞ்சல் போதும், பாடவேளையில் அவரால் பதில் எழுத முடியாது, மாலையிலோ மறுநாளோ வரும். மதிப்பெண்ணும் வருகையும் பேரண்ட்வ்யூ என்ற செயலியில் தெரியும்.

கவுன்சிலர் என்பவர் யார்? நம் ஊர் வார்டு கவுன்சிலர் நினைவுக்கு வரக்கூடும். இவர் மாணவருக்கு வழிகாட்டுபவர். உயர்நிலைப் பள்ளியில் பாடத் தேர்வு, கிரெடிட் கணக்கு, கல்லூரி விண்ணப்பம், மன அழுத்தம் எல்லாம் இவரிடம். மாநில அளவுகோலின்படி 325 மாணவருக்கு ஒருவர். அதனால் அவராக உங்களைத் தேடி வருவார் என்று காத்திருந்தால் ஆண்டு முடிந்துவிடும். வீட்டு மொழியில் தேர்வெழுதி உலக மொழிக் கிரெடிட் வாங்கும் வழியும் உண்டு. இந்த ஆண்டுத் தேர்வுப் பட்டியலில் தமிழ் இருக்கிறதா, எப்போது பதிய வேண்டும் என்று இவரிடமே கேளுங்கள். வாரக் கடைசியில் தமிழ்ப் பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போன உழைப்புக்கு ஒரு பலன் ஆகட்டும்.

ஒரே கட்டடத்தில் இருந்தாலும் எல்லாரும் பள்ளியின் ஆள் இல்லை. இது தெரியாமல் பெற்றோர் அலைக்கழிவது உண்டு. மருத்துவ அறையில் இருக்கும் உதவியாளர் கவுண்டி சுகாதாரத் துறையின் ஊழியர். சீருடையில் நிற்கும் காவலர் காவல் துறையைச் சேர்ந்தவர். பள்ளி விட்டபின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ‘சேக்’ என்ற காப்பகம் அதே கட்டடத்தில் நடந்தாலும் கவுண்டியின் திட்டம். இடத்துக்கும் கட்டணத்துக்கும் பிரின்சிபாலிடம் மன்றாடிப் பயனில்லை. இருவரும் வேலைக்குப் போகிறவர்கள் என்றால் பள்ளியில் சேர்க்கும்போதே அதற்குத் தனியாக விண்ணப்பியுங்கள், காத்திருப்போர் பட்டியல் நீளமாகிவிடும்.

பேருந்து எல்லாருக்கும் உண்டா? தொடக்கப் பள்ளி மாணவருக்கு வீடு பள்ளியிலிருந்து 1 மைலுக்கு மேல் இருக்க வேண்டும், பெரிய வகுப்புகளுக்கு ஒன்றரை மைல். கட்டணம் இல்லை. கிண்டர்கார்ட்டன் பிள்ளையைக் கூட்டிப்போக நிறுத்தத்தில் பொறுப்பானவர் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் ஓட்டுநர் இறக்கிவிட மாட்டார். தாத்தாவோ பாட்டியோ போகப்போகிறார்கள் என்றால் முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள். நீங்கள் கார் ஓட்டிப்போகும்போது மஞ்சள் பேருந்து சிவப்பு விளக்கை மின்னவிட்டு, பக்கவாட்டில் ‘நில்’ பலகையை நீட்டினால் அப்படியே நிற்க வேண்டும். நடுவே தடுப்பு இல்லாத சாலையில் எதிர்ப்பக்கம் வரும் வண்டிக்கும் இதே சட்டம்.

இந்த ஆசிரியர்களுக்கு வேலை எப்படிக் கிடைக்கிறது? தேர்வு வாரியம், மாநிலம் தழுவிய இடமாறுதல் கலந்தாய்வு எதுவும் கிடையாது. மாநில உரிமம் வைத்திருப்பவர் விண்ணப்பிப்பார், அந்தப் பள்ளிப் பிரின்சிபால் நேர்காணல் செய்து தேர்ந்தெடுப்பார். குறைந்தது 3 ஆண்டு தகுதிகாண் பருவம். கைரேகை வைத்துக் குற்றப் பின்னணி பார்ப்பது சமையலறை ஊழியர் வரை எல்லாருக்கும் உண்டு. பக்கத்து கவுண்டி அதிகச் சம்பளம் கொடுத்தால் நல்ல ஆசிரியர் அங்கே போய்விடுவார். ஆண்டு நடுவில் உங்கள் பிள்ளையின் கணக்கு வகுப்புக்கு மாற்று ஆசிரியர் தொடர்ந்து வந்துகொண்டிருந்தால் பின்னணியில் பெரும்பாலும் இதுவும் இருக்கும்.

அவர்களுக்குச் சங்கம் உண்டா? உண்டு, ஆனால் நீண்ட காலம் பேச்சுவார்த்தை உரிமை இல்லாத சங்கம். அரசு ஊழியர் சங்கங்களோடு கூட்டாகப் பேரம் பேசி ஒப்பந்தம் போட வர்ஜீனியாவில் 1977இல் நீதிமன்றம் தடை போட்டது. சட்டத்தைத் திருத்தி 2021 மே மாதம்தான் உள்ளூர் அமைப்புகள் விரும்பினால் அனுமதிக்கலாம் என்றார்கள். ஃபேர்ஃபாக்ஸ் வாரியம் 2023இல் ஏற்றுக்கொண்டது. வேலைநிறுத்தம் இன்னமும் சட்டவிரோதம். ஆகவே வேலைநிறுத்தத்தால் பள்ளி மூடிக் கிடக்குமோ என்ற கவலை உங்களுக்கு வேண்டாம்.

அடுத்தது சங்கடமான விஷயம், ஆனாலும் சொல்லியாக வேண்டும். பிள்ளையை அடிப்பது. வர்ஜீனியாப் பள்ளிகளில் ஆசிரியர் கை ஓங்குவது 1989இலிருந்து சட்டப்படி தடை. வீட்டில்? சட்டம் ஒவ்வொரு தட்டலையும் குற்றம் என்று சொல்லவில்லை. ஆனால் உடலில் தடம் விழுந்து, அதை ஆசிரியர் பார்த்து, துன்புறுத்தலோ என்று சந்தேகப்பட்டால் 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் பாதுகாப்புத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். ‘போனால் போகட்டும்’ என்று விடும் உரிமை அவருக்குக் கிடையாது, விட்டால் அவருக்கே அபராதம். பேருந்து நிறுத்தத்தில் தினம் சிரித்துப் பேசும் ஆசிரியை இப்படிச் செய்துவிட்டாரே என்று அவர்மேல் கோபப்பட்டுப் பயனில்லை.

தெரிவித்தால் உடனே பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்களா? பெரும்பாலும் இல்லை. ஒரு அலுவலர் விசாரிப்பார். உங்களைக் கேட்காமலே பள்ளியில் வைத்துப் பிள்ளையிடம் பேசச் சட்டம் அவருக்கு இடம் தருகிறது. வீட்டுக்கும் வரலாம். பதறாமல் பேசுங்கள், தேவையானால் மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள், நிலைமை கடுமை என்று தோன்றினால் வழக்கறிஞரைப் பாருங்கள். ‘அடியாத மாடு படியாது’ என்ற வழக்கத்தை ஊரிலேயே விட்டுவிட்டுப் போவது எல்லாருக்கும் நல்லது என்பது என் கட்சி.

ஊருக்கு வரும்போது என்ன சிக்கல்? டிசம்பர் விடுமுறையோடு சேர்த்துப் பொங்கல் முடிய இருந்துவிட்டு வருவோம் என்று பலர் டிக்கெட் போடுகிறார்கள்.  தொடர்ந்து 15 பள்ளி நாட்கள் வராவிட்டால் மாநில விதிப்படி பிள்ளையின் பெயரைப் பதிவேட்டிலிருந்து எடுத்துவிடுவார்கள். திரும்பி வந்து மறுபடி சேர்க்க வேண்டும். முகவரி மாறாவிட்டால் பள்ளி கிடைக்கும். ஆனால் அதே ஆசிரியர், அதே வகுப்பு என்று உறுதி சொல்ல முடியாது.

15 நாளுக்குள் வந்துவிட்டால் பிரச்சினை இல்லையா? அதுவும் இல்லை. அனுமதியில்லாத விடுப்பு 5 நாள் ஆனதும் பள்ளி உங்களைக் கூப்பிட்டு வருகைத் திட்டம் போட வேண்டும் என்பது சட்டம். ஆண்டின் 180 நாளில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 18 நாள் போனால் ‘நாட்பட்ட வராமை’ என்ற கணக்கில் சேரும். காய்ச்சலுக்குப் போட்ட நாளும் அதில் அடக்கம். இந்தக் கணக்கு பள்ளியின் தர மதிப்பீட்டையே பாதிப்பதால் பிரின்சிபால்கள் கறாராக இருக்கிறார்கள். பாட்டி சாகக் கிடக்கிறார் என்று திடீரென்று கிளம்பினால் புரிந்துகொள்வார்கள். விமானம் ஏறுவதற்கு முன் நாலு வரி எழுதிப் போட்டுவிட்டுப் போங்கள். தீபாவளிக்குப் பொய்க் காய்ச்சல் வேண்டியதில்லை. 2022-23 கல்வியாண்டிலிருந்து அதற்கு நாட்காட்டியில் இடம் கிடைத்திருக்கிறது.

பிள்ளைக்குப் பேச்சு தாமதம், படிப்பதில் சிரமம், ஆட்டிசம் என்று ஏதாவது இருந்தால் மறைக்க வேண்டுமா? ஒருபோதும் வேண்டாம். 1975 முதல் இருக்கும் ஒன்றியச் சட்டப்படி ஒவ்வொரு பிள்ளைக்கும் தகுந்த கல்வியைக் கட்டணமில்லாமல் தருவது பள்ளியின் கடமை. நீங்கள் செய்ய வேண்டியது, ‘என் பிள்ளையை மதிப்பீடு செய்யுங்கள்’ என்று எழுத்தில், தேதியோடு கேட்பது. வாயால் சொன்னது கணக்கில் வராமல் போகலாம். தகுதி உண்டு என்று முடிவானால் ஐஈபி (அந்தப் பிள்ளைக்கென்று தனியாக எழுதும் கல்வித் திட்டம்) போடுவார்கள்.

அந்தக் கூட்டத்தில் மேசையைச் சுற்றி உளவியலாளர், சிறப்பாசிரியர், வகுப்பாசிரியர், பிரின்சிபால் தரப்பில் ஒருவர் என்று ஐந்தாறு பேர் உட்கார்ந்திருப்பார்கள். நீங்கள் விருந்தாளி இல்லை, சட்டப்படி அந்தக் குழுவில் ஒருவர். முதல் திட்டம் உங்கள் சம்மதம் இல்லாமல் நடைமுறைக்கு வராது. புரியாவிட்டால் அன்றே கையெழுத்துப் போட வேண்டாம். வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்துவிட்டுச் சொல்கிறேன் என்று சொல்லலாம். அமைப்பு தானாகவே எல்லாம் செய்துவிடும் என்றும் இருந்துவிடாதீர்கள். கொரோனா காலத்தில் சிறப்புக் கல்வி மாணவர்களுக்குத் தர வேண்டியதைத் தரவில்லை என்று ஒன்றியக் கல்வித் துறை விசாரித்து, ஈடுசெய்ய 2022 நவம்பரில் இதே பள்ளி அமைப்பிடம் எழுதி வாங்கியது.

ஆங்கிலம் தடுமாறுகிறவர்களுக்கு? அச்சிட்ட தகவல்கள் ஸ்பானிஷ், கொரியன், வியட்நாமீஸ், அரபு, உருது போன்ற சில மொழிகளில் வரும். தமிழில் எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் முக்கியமான கூட்டங்களுக்கு மொழிபெயர்ப்பாளர் கேட்டால் இலவசமாக ஏற்பாடு செய்வது அவர்கள் பொறுப்பு. சில நாள் முன்பே சொல்லுங்கள். பிள்ளையையே மொழிபெயர்க்க வைக்காதீர்கள். தன்னைப் பற்றிய புகாரை எந்தப் பிள்ளை ஒழுங்காக மொழிபெயர்க்கும்?

ஆசிரியரோடு ஒத்துப்போகவில்லை என்றால் எடுத்த எடுப்பில் சூப்பரின்டெண்டண்டுக்கு எழுதலாமா? எழுதலாம், அது சுற்றி அதே பிரின்சிபாலிடம் வந்து சேரும். ஆசிரியர், பிறகு துணைப் பிரின்சிபால் அல்லது பிரின்சிபால், பிறகு மண்டல அலுவலகம் என்று ஏறுவதே நடைமுறை. எங்கே போவதென்றே தெரியாவிட்டால் ஆம்புட்ஸ் அலுவலகம் (பக்கம் சாயாமல் குறை கேட்டு வழிகாட்டும் இடம்) இருக்கிறது. எந்தப் படியிலும் பேசியதை அன்றே ஒரு மின்னஞ்சலாக எழுதி அனுப்பிவிடுங்கள்: ‘இன்று நாம் பேசியபடி...’ என்று ஆரம்பித்து இரண்டு வரி. பிள்ளையின் பதிவேடுகளைப் பார்க்கும் உரிமையும் உங்களுக்கு இருக்கிறது. கேட்ட 45 நாளுக்குள் காட்ட வேண்டும்.

குடியுரிமை இல்லாதவர் ஓட்டுப் போட முடியாது. ஆனால் வாரியக் கூட்டத்தில் பெயர் பதிந்து பேச ஓட்டுரிமை தேவையில்லை. பேசுவதானால் ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை பேசுங்கள். சூப்பரின்டெண்டண்ட் ஜனவரியில் செலவுத் திட்டத்தை முன்வைப்பார், வசந்தகாலத்தில் மேற்பார்வையாளர் குழு தொகையை முடிவு செய்யும், ஜூலை 1 முதல் புதிய கணக்கு. ஆகஸ்டில் போய் வகுப்பில் கூட்டம் அதிகம் என்று சொன்னால் அனுதாபம் கிடைக்கும், ஆசிரியர் கிடைக்க மாட்டார்.

கடைசியாகப் பனி. முதல் குளிர்காலத்தில் எல்லாரும் கேட்கும் கேள்வி, பள்ளி உண்டா இல்லையா என்று யார் சொல்வது? சூப்பரின்டெண்டண்டின் முடிவு, விடிவதற்குள் செய்தியாக உங்கள் கைபேசிக்கு வந்துவிடும். சில நாள் விடுமுறை, சில நாள் 2 மணி நேரத் தாமதம். தாமதம் என்றால் பேருந்தும் 2 மணி நேரம் தள்ளித்தான் வரும். லவுடனில் இருக்கும் நண்பர் விடுமுறை என்று வாட்ஸ்அப்பில் போட்டதைப் பார்த்துப் பிள்ளையைத் தூங்கவிடாதீர்கள், அது அவர்கள் கவுண்டி. சேர்க்கையின்போது கொடுத்த கைபேசி எண்ணை மாற்றினால் பேரண்ட்வ்யூவிலும் மறக்காமல் மாற்றுங்கள்.